குருதிச் சர்க்கரையும் உறுப்புக்களின் ஏற்பிகளும்

நாம் உண்ட பொழுது குருதியிற் சர்க்கரை வெள்ளம்போற் பெருகிவிடுவதில்லை. உண்ணாதிருந்த பொழுது அது வற்றிப் போவதுமில்லை. நோயற்றானொருவன் இரவெல்லாம் உண்ணாதிருந்து காலையிற் சோதிப்பின், நூறு மில்லிலிட்டர் குருதியில் ஏறத்தாழ 70 முதல் 100 மில்லிகிராம் வரை சர்க்கரை இருக்கக் காணலாம். இவ்வளவு காக்கப்படுமாறு யாங்ஙனம் என்பதை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

இரைப்பையின் பின்னே கணையம் என்னும் சுரப்பி உளது. அதனுள் தீவுகள்போற் சிதறிக் கிடக்கும் உயிரணுக் கூட்டங்களை 1869-ஆம் ஆண்டிற் கண்டெழுதியவர் லாங்கர்ஹான்ஸ் என்னும் ஜெர்மானிய மருத்துவ மாணவர். அவற்றின் பயனை அவர் அறிந்திலர். சர்க்கரையைக் குறைக்கும் இன்ஸுலினும், அதனைக் கூட்டும் குளுக்ககானும் அத்தீவுகளிலேயே ஊறுகின்றன. கனடா தேசத்து டொரான்டோ நகரில் 1921-ல் பான்டிங், பெஸ்ட் என்னும் இருவர் கணையத்தினின்று இன்ஸுலின் அடங்கிய சாற்றை எடுத்தனர். 1922 ஜனவரியில், நீரிழிவால் மெலிந்து சாகுந்தறுவாயிலிருந்த பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது செலுத்தப்பட்டது. முதன்முறை பெரும்பயன் விளையவில்லை. காலிப் என்பார் தூய்மை செய்தளித்த மருந்தே அவனைப் பிழைப்பித்தது.

ஈண்டு ஓர் ஐயம் நிகழும். ஹார்மோன்கள் குருதியோடு உடலெங்கும் செல்கின்றன. அங்ஙனமாக, ஒன்றே வெவ்வேறு உறுப்பில் வெவ்வேறு தொழில் செய்தல் எவ்வாறு? ஊரெங்கும் பறையறையினும், அதனைக் கேட்ட உழவன் ஏரையும் கொல்லன் உலையையும் நாடுவானன்றோ? அதுபோல்வதே இது. பறையொலியைக் கேட்குஞ் செவியாக உயிரணுவின் மேற்றோலில் அமைந்த புரதமே ஏற்பி எனப்படும். ஹார்மோன் அதனைப் பொருந்தியவுடன் செய்தி உட்செல்லும். உட்சென்ற பின் நிகழ்வது அவ்வவ்வுறுப்பின் இயல்பைப் பொறுத்தது.

தசையிலும் கொழுப்பிலும் சர்க்கரையை ஏற்றிச் செல்லும் புரதங்கள் உயிரணுவினுள்ளே ஒதுங்கிக் கிடக்கின்றன. இன்ஸுலின் ஏற்பியைப் பொருந்தின், அவை மேற்புறத்துக்கு எழுந்து வந்து சர்க்கரையை உள்ளே விடுகின்றன. கல்லீரலுக்கோ வாயில் எப்பொழுதும் திறந்தே இருக்கும். ஆண்டு இன்ஸுலினின் கட்டளை வேறு: ‘சர்க்கரையைக் கிளைக்கோஜனாகச் சேமித்து வை, புதிதாக ஆக்குதலை நிறுத்து’ என்பதே அது. மூளை, பெரும்பாலும் இன்ஸுலினை எதிர்பாராமலே தனக்கு வேண்டிய சர்க்கரையைப் பெறுகின்றது.

பசித்திருக்கும்போது குளுக்ககான் எழுகின்றது. அதற்குரிய ஏற்பிகள் கல்லீரலில் மிகுதி. ஆதலின் கல்லீரல் தன் களஞ்சியத்தைத் திறந்து குருதிக்குச் சர்க்கரை ஈகின்றது. தசை அப்பறையைக் கேளாது. அச்சத்தில் எழும் அட்ரினலினைத் தசையும் கேட்கும். எனினும் தான் சேமித்ததைக் குருதிக்கு நேரே சர்க்கரையாக விடுதற்கு வேண்டிய நொதி அதனிடம் இல்லாமையால், தன் ஓட்டத்திற்கே அதனைச் செலவிடும். கல்லீரல் ஊர்க் களஞ்சியம். தசை வீட்டுக் குதிர்.

இனி, நீரிழிவு நோக்குவாம். அதன் முதல் வகையில், உடலின் காவற்படையே இன்ஸுலின் ஊறும் அணுக்களைப் பகையென்று கருதி அழித்துவிடுகின்றது, பறையே ஒலிப்பதில்லை. இரண்டாம் வகையிற் பறை ஒலிக்கின்றது; பலகால் முன்னினும் மிக்கு ஒலிக்கின்றது. ஆயினும் ஏற்பி பெற்ற செய்தி உள்ளே செவ்வனே நிறைவேறுவதில்லை. தசை வாங்குவது குறைகின்றது. கல்லீரல் ஈவதை நிறுத்துவதில்லை. நாளடைவிற் கணையமும் சோர்கின்றது. குருதியிற் சர்க்கரை நிரம்பியிருக்க, அணுக்கள் பசித்திருக்கும் விந்தை இதுவே.

மருத்துவர் நடக்கச் சொல்வதன் காரணமும் இதனால் விளங்கும். சுருங்கி விரியும் தசை, இன்ஸுலினை எதிர்பாராமலே வேறொரு வழியால் அவ்வேற்றுப் புரதங்களை மேலே கொணர்கின்றது. முன்வாயில் அடைபட்ட வீட்டிற்குப் பின்வாயில் திறப்பதுபோலாம் இது.

இந்நோயை இனிப்புண்டதற்குக் கிடைத்த தண்டனையென்று கூறுவார் நம்மிற் பலர். ஊசியும் கையுமாய் வளரும் சிறுபிள்ளையும், அதன் பெற்றோரும் இச்சொல்லைக் கேட்டு நோயினும் மிகுதியாக நோகின்றனர். முதல் வகை எவருண்ட இனிப்பாலும் வந்ததன்று; இரண்டாம் வகையிலும் குடிவழி, உடற்பருமன், முதுமை எனக் காரணம் பல. ஆதலின் நோயுற்றாரைப் பழித்தல் அறிவுமன்று, அன்புமன்று. அவர்க்கு வேண்டுவன மருந்தும், அளவறிந்த உணவும், உடனடக்கும் ஒரு துணையுமே ஆம்.