'48 வோல்ட்' என்று போட்டிருந்தால் போதுமா?

வேலூரில் 2022 மார்ச் மாதம் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இரவில் சார்ஜ் போட்டிருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடித்தது. புகையில் மூச்சுத்திணறி அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். அது கம்பெனி வண்டி. யூடியூப் பார்த்து வீட்டிலேயே பேட்டரி கட்டி சைக்கிளில் மாட்டுகிறவர்கள் இன்னும் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்?

முதலில் கவனிக்க வேண்டியது சார்ஜர். '48 வோல்ட்' என்ற பெயரில் இரண்டு வகை பேட்டரிகள் உண்டு. 13 லித்தியம் அயான் செல்களை வரிசையாக இணைத்தது ஒன்று. முழு சார்ஜில் இது 54.6 வோல்ட். 16 லித்தியம் பாஸ்பேட் செல்களை இணைத்தது மற்றொன்று. இதற்கு 58.4 வோல்ட். இதன் சார்ஜரை முதல் வகையில் செருகினால், 4.2 வோல்ட்டில் நிற்க வேண்டிய ஒவ்வொரு செல்லும் 4.5 வரை ஏறும். செல் சூடாகித் தீப்பிடிக்கலாம்.

அளவு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் காவல்காரர், 'பி.எம்.எஸ்' என்கிற சின்ன போர்டு. செலவு மிச்சம் என்று அதை விட்டுவிடாதீர்கள். பழைய லேப்டாப் செல்களையும் புதியவற்றையும் கலக்காதீர்கள். வலுவிழந்த செல் மற்றவற்றுக்கு முன்பே நிரம்பி, எல்லை தாண்டிவிடும்.

சார்ஜரின் முதுகில் 'அவுட்புட்' எத்தனை வோல்ட் என்று படித்த பிறகே செருகுங்கள். தூங்கும்போது சார்ஜ் போடாதீர்கள். முக்கியமாக, வாசலை அடைத்து வண்டியை நிறுத்தாதீர்கள். தீப்பிடித்தால் வீட்டில் இருப்பவர்கள் வெளியே ஓட அந்த வழிதான் வேண்டும்.