முன்நிகழ்ச்சி (மேடைக் கலை)

முன்நிகழ்ச்சி என்பது ஒரு மேடையில் முதன்மைக் கலைஞர் தோன்றுவதற்கு முன்பு, வேறொரு கலைஞரோ குழுவோ நிகழ்த்தும் நிகழ்ச்சியாகும். மேலை நாட்டு ராக், பாப் இசை நிகழ்ச்சிகளில் இது நிலைபெற்ற வழக்கம். தமிழகத்தில் இதற்கென ஒரே பெயர் இல்லாவிட்டாலும், கோயில் திருவிழா, இசை நாடகம், அரசியல் பொதுக்கூட்டம், சபா கச்சேரி ஆகிய நான்கிலும் இதே அமைப்பு உள்ளது. பெயர் தெரியாத கலைஞரை மக்கள் முதன்முதலில் கேட்பது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். திண்டுக்கல் நகரும் அதைச் சுற்றியுள்ள சமவெளி ஊர்களும் இவ்வழக்கத்தைக் காண ஏற்ற பகுதியாகும்.

திருவிழா மேடை

திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் கோயில், நத்தம் மாரியம்மன் கோயில் ஆகியவற்றின் மாசித் திருவிழாக்களும், தைப்பூசத்துக்குத் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குச் செல்லும் பாதயாத்திரையும் இப்பகுதிக் கலைஞர்களுக்கு முக்கியமான காலங்களாகும். கிராமத் திருவிழாக்களில் மாலையில் மங்கல இசை முழங்கும். கரகாட்டம் இருந்தால், ஆட்டக்காரர்கள் வருவதற்கு முன்பே நையாண்டி மேளம் தொடங்கிவிடும். நாதசுரம், தவில், பம்பை, தமுக்கு, தாளம் ஆகியவை கொண்ட இந்த மேளத்தின் முதல் வேலை ஆள் சேர்ப்பது. வீட்டில் இருப்பவர்களுக்கு ஆட்டம் தொடங்கப் போகிறது என்பதைச் சத்தம்தான் சொல்கிறது. கூட்டம் நிறையும் வரை வாசிப்பவர்களுக்குத் தங்கள் திறமையைக் காட்ட இடம் கிடைக்கிறது. அடுத்த ஊர்க்காரர் ஒரு தவில் கலைஞரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்வது இந்த நேரத்தில்தான்.

மெல்லிசைக் குழுக்களிலும் இதே முறை உண்டு. கச்சேரி பக்திப் பாடல்களுடன் தொடங்கும். குழுவின் பெயர்பெற்ற பாடகர்கள் பின்னர் வருவார்கள். புதிதாகச் சேர்ந்தவருக்குத் தொடக்கத்தில் ஓரிரு பாடல்கள் கொடுக்கப்படும். கூட்டம் இன்னும் சேராத நேரம் என்பதால் பிழை நேர்ந்தாலும் பெரிய சேதம் இல்லை. நன்றாகப் பாடினால் அடுத்த கச்சேரியில் அவருடைய இடம் சற்றுத் தள்ளி, கூட்டம் நிறைந்த நேரத்துக்கு நகரும்.

இசை நாடகத்தில் பபூன்

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்த மரபில் வரும் இசை நாடகம், இன்று ஸ்பெஷல் நாடகம் என்று அழைக்கப்படுகிறது. மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை வட்டாரங்களில் வள்ளி திருமணம், பவளக்கொடி போன்ற நாடகங்கள் இரவு முழுவதும் நடக்கும். இதில் நடிப்பவர்கள் ஒரே கம்பெனியைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஒவ்வொருவரும் தனித்தனியே அமர்த்தப்பட்டு, பல ஊர்களிலிருந்து வந்து, கூட்டு ஒத்திகை இன்றியே மேடையில் சேர்வார்கள்.

கதை உடனே தொடங்காது. ஆர்மோனியக் கலைஞரின் பாடலுக்குப் பின் பபூன் வருவார். அவர் தனியாகப் பேசிச் சிரிக்க வைத்துவிட்டு, பிறகு நடனப் பெண்ணுடன் சேர்ந்து பாட்டும் வழக்காடலும் நடத்துவார். நள்ளிரவை ஒட்டித்தான் கதைப் பாத்திரங்கள் தோன்றும். நாடக நோட்டீசில் ஒவ்வொரு நடிகரின் பெயரும் படமும், அவர் எந்த ஊர் என்பதும் அச்சிடப்படும். எனவே முதல் ஒரு மணி நேரத்தில் பிடித்துப்போன பபூனை அடுத்த ஆண்டு நாடகத்துக்கு அழைப்பது விழாக் குழுவினருக்கு எளிது. முன்நிகழ்ச்சிக் கலைஞரின் பெயர் எழுத்தில் பதிவாவது, இம்முறையைப் பிற மேடைகளிலிருந்து வேறுபடுத்துகிறது.

அரசியல் பொதுக்கூட்டம்

பொதுக்கூட்டங்களில் தலைவர்கள் பேசுவதற்கு முன் இசைக்குழு பாடுவது தமிழக வழக்கம். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு பாவலர் வரதராஜனின் குழு. அன்றைய மதுரை மாவட்டத்தின் பண்ணைப்புரத்தைச் சேர்ந்த இவர், பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடினார். மக்களுக்குத் தெரிந்த திரைப்பட மெட்டுகளில் அரசியல் செய்தியைப் பொருத்தினார். 1958இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூசுக்காக இக்குழு பாடியது. பதின்ம வயதில் இக்குழுவில் சேர்ந்த தம்பி இளையராஜா, ஊர் ஊராகச் சென்று கூட்டத்தைப் பிடித்து வைக்கும் இசையைக் கற்றார். 1976இல் ‘அன்னக்கிளி’ வெளியாகும் வரை பெரும்பான்மைத் தமிழர்களுக்கு அவர் பெயர் தெரியாது. ஆனால் இந்த மேடைகளுக்கு எதிரே உட்கார்ந்தவர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே அவருடைய வாசிப்பைக் கேட்டிருந்தார்கள். திண்டுக்கல் 1985இல் தனி மாவட்டமாகும் வரை அதே மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்தது.

சபா கச்சேரி

சென்னை மியூசிக் அகாதெமி (தொடக்கம் 1928) போன்ற சபாக்களில் டிசம்பர் விழாவின்போது ஒரே நாளில் பல கச்சேரிகள் நடக்கும். நண்பகல் நேரம் இளம் கலைஞர்களுக்கும், மாலை நேரம் மூத்தவர்களுக்கும் ஒதுக்கப்படும். பகல் கச்சேரிகளுக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. ஆண்டுதோறும் நேரம் பின்னுக்கு நகர்வதே கலைஞரின் வளர்ச்சிக்கு அளவுகோல். மேலை நாட்டு முறையிலிருந்து ஒரு வேறுபாடு உண்டு: இங்கு இளம் கலைஞரின் கச்சேரி முழுமையானது, மாலைக் கலைஞருக்குத் துணையாக அமைக்கப்படுவதில்லை.

மேலை நாட்டு எடுத்துக்காட்டுகள்

1963 பிப்ரவரியில் பாடகி ஹெலன் ஷாப்பிரோவின் இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் துணைக் குழுவாகச் சென்றவர்கள் பீட்டில்ஸ். சில மாதங்களிலேயே அவர்கள் முதன்மை இடத்துக்கு வந்துவிட்டார்கள். 1967இல் தி மங்கீஸ் குழுவுக்கு முன்பாக வாசித்த ஜிமி ஹென்ட்ரிக்சுக்கு நேர்மாறான அனுபவம். மங்கீசைக் காண வந்த இளம் ரசிகர்கள் அவரைக் கேட்க விரும்பவில்லை. சில நிகழ்ச்சிகளோடு அவர் விலகினார். முன்நிகழ்ச்சியின் வெற்றி கலைஞரின் திறமையை மட்டும் அன்றி, யாருடைய கூட்டத்தின் முன் நிற்கிறார் என்பதையும் பொறுத்தது என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

பறையும் மேடையும்

முன்நிகழ்ச்சியாக மட்டுமே நிறுத்தப்படுவது ஒரு கலையைத் தாழ்த்தவும் கூடும். பறை நெடுங்காலமாகத் தமிழ்நாட்டு ஊர்வலங்களில் முன்னால் சென்றது. ஆனால் அதை அடித்தவர்களுக்கு மேடையில் இடமில்லை. சாதியின் பெயரால் இழவு வீட்டுக் கட்டாய வேலையாகவும் அது சுமத்தப்பட்டது. 1990இல் அருட்சகோதரி சந்திரா முயற்சியில் திண்டுக்கல்லில் உருவான சக்தி கலைக்குழு, தலித் இளம்பெண்களுக்குப் பறையடிக்கவும் ஆடவும் பயிற்சி அளித்தது. ஆண்கள் மட்டுமே அடித்துவந்த கருவியைப் பெண்கள் ஏந்தி, நிகழ்ச்சியின் மையத்துக்கே வந்தனர். இசை மானிடவியலாளர் ஸோயி ஷெரினியன் இக்குழுவைப் பற்றி ஆவணப்படம் எடுத்துள்ளார்.

இன்றைய நிலை

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. விழா நாட்களில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மட்டும் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம். ஊர்த் திருவிழாக் கலை நிகழ்ச்சிகளுக்கு அனுமதி கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குச் செல்வதும் வழக்கமாகிவிட்டது. நேரம் குறையும்போது முதலில் வெட்டப்படக் கூடியது முன்நிகழ்ச்சிதான். விடிய விடிய நடந்த இரவில் புதியவருக்கு ஒரு மணி நேரம் கொடுப்பது ஊருக்குச் சுமையாக இல்லை. மூன்று மணி நேரமே உள்ள இரவில் அது சுமையாகிறது. கைபேசியில் புதிய பாடகர்களைக் கண்டடைய வழி இருந்தாலும், தன்னைத் தேடி வராத கூட்டத்தைத் தன் பக்கம் திருப்பும் பயிற்சி மேடையில் மட்டுமே கிடைக்கிறது.