மஸ்டாங்: உயிர் காத்த சட்டம், தீராத மேய்ச்சல் வழக்கு

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், அரசு நிலங்களில் மஸ்டாங் குதிரைகளும் கழுதைகளுமாக ஏறத்தாழ 73,000 விலங்குகள் திரிவதாக 2024 மார்ச் மாத மதிப்பீடு சொல்கிறது. ஏறக்குறையப் பாதி நெவாடா மாநிலத்தில். இவை தவிர, பிடிக்கப்பட்ட 60,000க்கும் மேற்பட்டவை அரசுப் பட்டிகளிலும் குத்தகைப் பண்ணைகளிலும் அடைபட்டிருந்தன. காப்பாற்ற இயற்றிய சட்டம் ஏன் இங்கே கொண்டுவந்து நிறுத்தியது?

எங்கிருந்து வந்தன?

குதிரைக் குடும்பம் தோன்றியதே வட அமெரிக்காவில்தான். ஆசியாவுக்குப் பரவிய பின், சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பிறந்த மண்ணிலேயே அது அற்றுப்போனது. திரும்பக் கொண்டுவந்தவர்கள் ஸ்பானியர்கள். 1519இல் எர்னான் கோர்ட்டேஸ் மெக்சிகோவில் இறங்கியபோது அவரிடம் இருந்தவை 16 குதிரைகள்.

1680இல் பியூப்லோ மக்கள் கிளர்ந்தெழுந்து ஸ்பானியரை விரட்டிய பிறகே பழங்குடிகளிடம் குதிரை பரவியது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 17ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே அவர்கள் குதிரை வளர்த்ததை, 2023இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு எலும்புச் சான்றுகளோடு காட்டியது. தப்பி ஓடியவையும் பண்ணைகளில் கைவிடப்பட்டவையும் கலந்து மந்தைகளாகப் பெருகின. அதனால்தான் ‘மண்ணின் விலங்கு திரும்பி வந்தது’ என்று ஒரு சாராரும், ‘கட்டறுத்த வளர்ப்பு விலங்கு’ என்று மறுசாராரும் இன்றும் வாதாடுகிறார்கள்.

சட்டம் எப்படி வந்தது?

20ஆம் நூற்றாண்டில் மாட்டுப் பண்ணையாளர்களுக்கு இவை மேய்ச்சலைத் தின்னும் தொல்லை. நாய்த்தீனி ஆலைகளுக்கு மலிவான இறைச்சி. விமானத்தால் விரட்டி, லாரிகளில் அள்ளிப்போட்டார்கள். 1950இல் அப்படியொரு லாரியிலிருந்து ரத்தம் ஒழுகுவதைப் பார்த்தார் நெவாடாவில் அலுவலகச் செயலராக இருந்த வெல்மா ஜான்ஸ்டன். அவர் தொடங்கிய போராட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளும் நாடாளுமன்றத்துக்குக் கடிதங்களைக் குவித்தார்கள். 1959இல் அரசு நிலத்தில் வாகனங்களாலும் விமானங்களாலும் வேட்டையாடத் தடை வந்தது. 1971 டிசம்பரில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம், அனுமதியின்றிப் பிடிப்பதையும் கொல்வதையும் குற்றமாக்கியது.

இப்போது என்ன சிக்கல்?

மந்தைகளை மட்டுப்படுத்தும் அளவுக்கு அங்கே வேட்டையாடும் விலங்குகள் இல்லை. தடையின்றி விட்டால் நான்கைந்து ஆண்டுகளில் எண்ணிக்கை இரட்டிக்கிறது. சுமார் 2.7 கோடி ஏக்கரில் இவற்றைப் பராமரிக்கும் நில மேலாண்மைப் பணியகம், அந்த நிலம் தாங்கும் அளவு ஏறத்தாழ 25,500 என்கிறது. வறட்சியில் சுனைகள் வற்றும்போது குதிரையும் மெலிகிறது, மானும் மெலிகிறது. எனவே ‘மிகை’ விலங்குகளை ஹெலிகாப்டரால் விரட்டிப் பிடித்துத் தத்து கொடுக்கிறார்கள். தத்தெடுக்க ஆள் கிடைக்காதவை பட்டியிலேயே முதுமை அடைகின்றன. திட்டச் செலவில் பெரும்பகுதி இவற்றின் பராமரிப்புக்கே போகிறது. 2019இல் தத்தெடுப்போருக்கு 1,000 டாலர் கொடுக்கத் தொடங்கினார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு சிலர் குதிரையை இறைச்சிச் சந்தைக்கு அனுப்பியது அம்பலமானது.

வழி உண்டா?

கருத்தடை ஊசி உண்டு. கிழக்குக் கரையோர அசட்டீக் தீவில் 1990களிலிருந்து துப்பாக்கி வழியே அதைச் செலுத்தி, மேரிலாந்து பகுதி மந்தையை நூறுக்குள் கொண்டுவந்தார்கள். அது சிறிய தீவு. ஒவ்வொரு குதிரைக்கும் அடையாளம் தெரியும். நெவாடாவின் பாலைவெளியிலோ, மிரண்டோடும் மந்தையை நெருங்குவதே பெரும்பாடு. ஊசியையும் ஓரிரு ஆண்டுகளில் மீண்டும் போட வேண்டும்.

தாங்கும் அளவு என்ற கணக்கும் வெறும் உயிரியல் கணக்கல்ல. அரசு நிலத்தில் அனுமதி பெற்று மேயும் மாடுகள் குதிரைகளைவிடப் பல மடங்கு. புல்லில் மாட்டுக்கு எவ்வளவு, மானுக்கு எவ்வளவு, குதிரைக்கு எவ்வளவு என்ற பங்கீட்டைப் பொறுத்தே ‘மிகை’ என்பதும் கூடும், குறையும். 1971 சட்டம் உயிருக்கு உறுதி தந்தது. புல்லில் இத்தனை பங்கு என்று எழுதவில்லை. அந்தப் பங்கைத் தீர்க்காமல் ஊசியும் தத்தும் மட்டும் பட்டிகளைக் காலியாக்கப் போவதில்லை.