ஒன்றரை மணி நேர கேமை எதைக்கொண்டு அளப்பது?

“அவ்வளவு காசு குடுத்து வாங்குன கேமு, ஒரு சினிமா பாக்குற நேரம்கூட ஆகல, முடிஞ்சிடுச்சு. எம் பொண்ணு என்னடான்னா சூப்பரா இருந்துச்சுங்கறா. இது எப்படி தம்பி?”

ஆம்பூர் டீக்கடையில் ஒரு அண்ணன் கேட்டது இது. டேனரியில் தோலைத் தரம் பிரிக்கும் வேலையில் ரொம்ப காலமாக இருப்பவர். மகள் வேலூரில் கல்லூரியில் படிக்கிறாள். அவள் விளையாடிய கேமின் பெயர் ‘வெண்பா’. கேள்வி நியாயமானது, ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. சின்னச் சின்னப் புதிர் கேம்களை விளையாடுகிறவர்கள் உலகம் முழுக்க இரண்டு கட்சியாகப் பிரிவது இந்த இடத்தில்தான்.

கேம்களில் பெரிய கம்பெனிகள் நூற்றுக்கணக்கான ஆட்களை வைத்துப் பல வருஷம் உழைத்து எடுப்பவை ஒரு வகை. ஒருவரோ, ஏழெட்டுப் பேரோ சேர்ந்து, தங்கள் யோசனையை மட்டும் நம்பிச் செய்பவை இன்னொரு வகை. இவற்றை இண்டி கேம் என்கிறார்கள். அதிலும் புதிர் கேம்களில் சுடுவதும் துரத்துவதும் பெரும்பாலும் இருக்காது. கண்முன்னால் ஒரு சிக்கல் இருக்கும், அதை உட்கார்ந்து யோசித்து அவிழ்க்க வேண்டும்.

‘வெண்பா’வைச் செய்தது டொராண்டோவிலுள்ள ‘விசை கேம்ஸ்’ என்ற சிறு குழு. 2023 ஜூலை 31 அன்று வெளிவந்தது. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன வெண்பா, கணவன் பாவலன், அங்கே பிறந்து வளரும் மகன் கவின் ஆகிய மூவரின் கதை. வெண்பாவிடம் அவள் அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு இருக்கிறது. தாள் கிழிந்து, கறை படிந்து, பாதி வரிகள் அழிந்துபோன நோட்டு. அழிந்த இடத்தில் என்ன எழுதியிருக்கும் என்று ஊகித்துச் சமைப்பதுதான் ஆட்டம். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி ஒழுங்காக ஏறும்? புட்டுக்குழலுக்குள் எது முதலில் போகும், எது பிறகு? சட்டியில் எண்ணெய் காயும் சத்தமும் தாளிப்பு பொரியும் சத்தமும் அப்படியே நம் வீட்டு அடுப்படிச் சத்தம். ரேடியோவில் பழைய தமிழ் சினிமாப் பாட்டுகளின் சாயலில் புதிதாக இசையமைத்த பாட்டுகள் ஓடும். ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒன்றரை மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே.

இந்தச் சின்ன கேமுக்கு 2024 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் இண்டி கேம் விழாவின் முதல் பரிசு கிடைத்தது. அடுத்த மாதமே லண்டனில், முதல் படைப்புக்கான பாஃப்டா விருதும் கிடைத்தது. தமிழ்க் குடும்பம் ஒன்றின் அடுப்படிக் கதை அந்த மேடைகளில் ஏறியது எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் விருதுக்குழு சொல்வது வேறு, காசு கொடுத்து வாங்கியவர் சொல்வது வேறு. விளையாடியவர்கள் கேமின் ஓவியத்தையும் சத்தத்தையும் கதையையும் கொண்டாடினார்கள். கூடவே இரண்டு குறைகளும் திரும்பத் திரும்ப வந்தன: புதிர் ரொம்ப சுலபம், சட்டென்று முடிந்துவிடுகிறது.

சுலபம் என்ற குறையை இங்கே, ஆம்பூரில் உட்கார்ந்து யோசித்தால் ஒரு விஷயம் பிடிபடும். இட்லித் தட்டின் ஓட்டைகளைப் பார்த்து டொராண்டோவிலோ டோக்கியோவிலோ ஒருவர் ஐந்து நிமிஷம் தலையைச் சொறிவார். நம் வீட்டுப் பெண்கள் தட்டைக் கையில் எடுக்கும்போதே அடுக்கிவிடுவார்கள், அங்கே புதிர் என்று ஒன்று இருந்ததே தெரியாது. அதே வீட்டில், சமையலறைப் பக்கமே போகாத பையனுக்கு அது நிஜமாகவே புதிர். அந்த கேமில் பிரியாணியும் உண்டு. சீரகச் சம்பாவும் மிளகாய் விழுதும் தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காயுமாக வளர்ந்த ஆம்பூர்க்காரர் அதைப் பார்க்கும்போது, தேடுவது விடையைக்கூட அல்ல. தன் ஊர் முறையோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்பதைத்தான். ஆக, ‘சுலபம்’ என்று ஒருவர் சொல்லும்போது அவர் எந்த அடுப்படியிலிருந்து வந்தவர் என்று தெரியாமல் அந்தச் சொல்லை எடைபோட முடியாது.

செய்தவர்களும் இதை உணர்ந்தே செய்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். கதையின் பிற்பகுதியில் வளர்ந்த கவின் அதே நோட்டை எடுத்துச் சமைக்க உட்காருகிறான். அவனுக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் படிக்க வரும். அம்மாவுக்குக் கறைதான் தடையாக இருந்தது. மகனுக்கு எழுத்தே தடை. நோட்டு ஒன்றுதான், படிக்கும் ஆள் மாறியதும் புதிர் கடினமாகிவிடுகிறது. புதிர் கடினமாக இருந்தால்தான் நல்ல புதிர் என்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். விடைக்காக எத்தனை நிமிஷம் திணறினோம் என்பதைவிட, அந்தத் திணறல் யாருடைய திணறல் என்பது இங்கே முக்கியம்.

“சரி, சுலபம்னா சுலபம். அது ஏன் நீட்டி எடுக்கல?” என்றார் அண்ணன்.

புதிர் என்ற பண்டத்தின் தன்மைதான் காரணம். சண்டை கேமில் ஒரு எதிரியை உருவாக்கிவிட்டால் அவனையே ஐம்பது தடவை கொண்டுவந்து நிறுத்தலாம். ஒவ்வொரு தடவையும் கை வேகம் வேண்டும், ஆட்டம் நிற்காது. புதிரில் அது நடக்காது. விடை தெரிந்த நிமிஷமே அது செலவாகிப்போகிறது. அதையே மறுபடி கொடுத்தால் விளையாடுபவருக்குச் சலிப்பு, கொஞ்சம் கோபம்கூட வரும். அதனால் ஒவ்வொன்றையும் புதிதாக யோசிக்க வேண்டும். வாரக்கணக்கில் யோசித்த ஒன்றை அவர் மூன்று நிமிஷத்தில் தின்றுவிட்டுப் போவார். ‘கொரோகோவா’ என்று ஒரு கேம், ஜேசன் ராபர்ட்ஸ் என்பவர் கையால் வரைந்தது. நான்கு கட்டங்களில் நான்கு படங்கள். ஒரு படத்தை நகர்த்தி இன்னொன்றின் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே காட்சியாகிவிடும், ஜன்னலுக்குள்ளே ஜன்னல் திறக்கும். பல வருஷ உழைப்புக்குப் பிறகு 2017 டிசம்பரில் வெளிவந்தது. விளையாடி முடிக்க இரண்டு மணி நேரம். அதை இருபது மணி நேரமாக இழுத்திருந்தால் அந்த ஆச்சரியம் மூன்றாவது மணியிலேயே செத்திருக்கும்.

இன்னும் சின்னது ‘ஃப்ளாரன்ஸ்’. மெல்போர்னில் செய்தது, 2018 பிப்ரவரி 14 அன்று வந்தது, போனிலேயே விளையாடலாம், அரை மணி நேரம்தான். ஒரு பெண்ணும் கிரிஷ் என்ற இந்திய வம்சாவளிப் பையனும் முதல்முறை சந்தித்துப் பேசுகிறார்கள். ஒவ்வொரு பேச்சும் துண்டு துண்டாகக் கிடக்கும், நாம் பொருத்த வேண்டும். ஆரம்பத்தில் நிறைய துண்டுகள். பழகப் பழகத் துண்டுகள் குறைந்து, கடைசியில் ஒரே துண்டு. வைத்ததும் பேச்சு வந்துவிடும். பழக்கம் என்றால் என்ன என்பதை ஒரு வசனமும் இல்லாமல் விரல் நுனிக்குச் சொல்லிவிடுகிறது. புதிராகப் பார்த்தால் குழந்தை விளையாட்டு. ஆனால் கடினத்தை நோக்கி அல்லாமல் சுலபத்தை நோக்கி நகரும் புதிரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இதைப் பற்றி ‘ரொம்ப ஈசி’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அண்ணன் தொழிலிலேயே இதற்கு விளக்கம் இருக்கிறது. தோலை விற்பது சதுர அடிக் கணக்கில். அளக்கிற மெஷினில் விட்டு எடுத்து, அடியும் கால் அடியும் எத்தனை என்று பின்பக்கம் எண் போடுகிறார்கள். ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து விலை பேசும் வியாபாரி இந்த வட்டாரத்தில், பேரணாம்பட்டிலிருந்து ராணிப்பேட்டை வரை, ஒருவரும் இருக்க மாட்டார். வயிற்றுப்பக்கம் எவ்வளவு, உண்ணி கடித்த தழும்பு எத்தனை, வெட்டுப்பட்ட இடம் எங்கே, மேல்தளம் எப்படி என்று கிரேடு பார்த்துத்தான் அடிக்கு இன்ன விலை என்பார்கள். சிறிய ஆட்டுத்தோலைப் பெரிய மாட்டுத்தோலோடு அடிக்கணக்கில் வைத்துப் பார்த்து மட்டம் என்று யாரும் தள்ளுவதில்லை. கேமுக்கு மட்டும் மணிக்கணக்கை வைத்து, ஒரு மணிக்கு எத்தனை ரூபாய் விழுகிறது என்று வகுத்துப் பார்க்கிறோம். கிரேடு பார்க்கும் பழக்கம் இன்னும் வரவில்லை.

அண்ணன் உடனே பிடித்துக்கொண்டார். “அப்போ ரெண்டையும் சொல்லணும். அடியும் சொல்லணும், கிரேடும் சொல்லணும்.” அதேதான். நேரத்தைச் சொல்வதில் தப்பே இல்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்குகிற பிள்ளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும் என்று தெரிய வேண்டும். ‘வெண்பா’வின் விலை அமெரிக்காவில் 14.99 டாலர், அங்கேயே அது ஒன்றரை மணி நேரத்துக்கு அதிகம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அது காசைப் பற்றிய குறை, நியாயமான குறை. ஆனால் அதையே கேமின் குறையாக எழுதும்போதுதான் குழப்பம் வருகிறது. வெளிவந்த அன்றே ‘வெண்பா’ எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் சந்தாவிலும் இருந்தது. சந்தாவில் விளையாடியவருக்கு அதற்கென்று தனிக் காசு போகவில்லை, அவர் மணியை எண்ண வேண்டிய அவசியமும் இல்லை. 2007-ல் வந்த ‘போர்ட்டல்’ மூன்று மணி நேரத்துப் புதிர் கேம்தான். வேறு சில பெரிய கேம்களோடு ஒரே பெட்டியில் வந்ததால் அதன் நீளத்தைப் பற்றி யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை. இன்றும் அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அமெரிக்காவில் சில மாணவர்கள் 2005-ல் செய்த ஒரு சிறு கேம்தான் அதற்கு விதை. வேலூரில் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

காசு விஷயம் எதிர்த்திசையிலும் போகும். ‘மான்யுமென்ட் வேலி’ 2014-ல் வந்தபோது, சின்னதாக இருந்தாலும் அழகு என்று மக்கள் தூக்கி வைத்துக்கொண்டார்கள், இன்னும் வேண்டும் என்றும் கேட்டார்கள். அதே வருஷம் நவம்பரில் புதிய கட்டங்கள் வந்தன, விலை 1.99 டாலர். இதற்கும் காசா என்று ஒரு ஸ்டார் போட்டுத் தள்ளினார்கள். சீக்கிரம் முடிந்துவிட்டது என்று ஏங்கியவர்களும் இதற்கும் காசா என்று கொதித்தவர்களும் ஒரே கடையில் ஒரே கேமின் கீழேதான் எழுதினார்கள்.

‘சட்டென்று முடிந்துவிட்டது’ என்பதில் காசைச் சாராத ஒரு குறையும் இருக்கிறது, அதைத்தான் கவனித்துக் கேட்க வேண்டும். நேரம் சின்னதாக இருப்பது வேறு, அவசரப்படுவது வேறு. ‘வெண்பா’வில் அத்தியாயங்களுக்கு நடுவே வருஷங்கள் தாவித் தாவிப் போகின்றன. பாவலன் என்ற மனிதனோடு நாம் நெருங்குவதற்குள் கதை வேறெங்கோ போய்விடுகிறது. அங்கே இன்னும் ஒரு சமையல், இன்னும் ஒரு மாலைப்பொழுது இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. இது ‘மணி நேரம் போதவில்லை’ என்பதல்ல. எங்கே போதவில்லை என்று இடம் சுட்டிச் சொல்வது. ‘ஃப்ளாரன்ஸ்’ இதைவிடச் சின்னது, ஆனால் அவசரம் தெரியாது.

கம்ப்யூட்டர் கேம் விற்கும் பெரிய கடையான ஸ்டீமில் வாங்கியவர்கள் கருத்துச் சொல்லும் முறையையும் அண்ணனுக்கு விளக்கினேன். அங்கே பத்துக்கு எத்தனை மார்க் என்று கிடையாது. பரிந்துரைப்பாயா, மாட்டாயா, இரண்டில் ஒன்று. நூற்றுக்கு எத்தனை பேர் ஆம் என்றார்கள் என்பதுதான் அங்கே தெரியும் சதவீதம். நூறு பேரும் ‘பரவாயில்லை, விளையாடலாம்’ என்று சொன்னாலும் நூறு சதவீதம்தான். பாதிப் பேர் உயிராக நேசித்து, பாதிப் பேர் வெறுத்தால் ஐம்பதுதான் வரும், கலவையான கருத்து என்று பெயர் விழும். மனசைத் தொடுகிற சின்ன கேம்களுக்குச் சதவீதம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், வேண்டாதவர் அந்தப் பக்கமே போவதில்லை. அதனால் அந்த எண்ணை விட்டுவிட்டு, எந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன், எப்படி வெளியே வந்தேன் என்று எழுதியிருப்பவரைத் தேடிப் படிக்கச் சொன்னேன். அவர் பெயருக்குப் பக்கத்தில் எத்தனை மணி நேரம் விளையாடினார் என்பதும் இருக்கும். பத்து நிமிஷத்தில் விட்டுவிட்டுத் திட்டியவரா, முடித்துவிட்டுச் சொல்பவரா என்று தெரிந்துவிடும்.

“பிடிக்கலன்னா திருப்பிக் குடுத்தா காசு வந்துடுமாமே?” என்று கடைசியாகக் கேட்டார். வரும். வாங்கிப் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். 2015-லிருந்து இந்த வசதி இருக்கிறது, நல்ல வசதி, ஓடாத கேமை விற்று ஏமாற்றுகிறவர்களிடமிருந்து நம்மைக் காப்பாற்றுகிறது. ஆனால் ஒன்றரை மணி நேர கேமை முழுசாக முடித்து, ரசித்து, அதன் பிறகும் திருப்பிக் கொடுக்க முடியும். 2021-ல் எமிகா கேம்ஸ் என்ற பெயரில் சின்னச் சின்ன கேம் செய்துகொண்டிருந்தவர், ‘சம்மர் ஆஃப் 58’ என்ற தன் பேய்க்கதை கேமை நல்லபடியாகப் பாராட்டியவர்களிலேயே பலர் பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டார்கள் என்று சொல்லி, கேம் செய்வதையே நிறுத்தப்போவதாக அறிவித்தார். தனி ஆளாகச் செய்கிறவருக்கு அது எவ்வளவு பெரிய அடி என்பதை ஏற்றுமதி ஆர்டர் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று தெரிந்த ஊரில் விளக்கத் தேவையில்லை.

மகள் அப்படித் திருப்பிக் கொடுத்தாளா என்று அண்ணனிடம் கேட்டேன். இல்லையாம். அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, இரண்டாவது தடவை விளையாடிக்கொண்டிருக்கிறாளாம். அப்படியானால் அடுத்ததாக ‘கொரோகோவா’வை வாங்கித் தரச் சொன்னேன். பெயரைத் தமிழில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன், மகள் அதைப் பார்த்துத் தேடிக்கொள்வாள்.