மொய் நோட்டும் கடன் கணக்கும்

ஆலங்குடிப் பக்கத்து இளைஞர் ஒருவர், மறைந்த தம் அத்தாவின் மொய் நோட்டுடன் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், இதில் வரவு எது, கடன் எது? வாரிசுகள் சொத்தைப் பிரிக்கக் காத்திருக்கிறார்கள்" என்றார்.

கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் வட்டாரத்திலும், அண்டை மாவட்டத்துப் பேராவூரணியிலும் ஆடி, ஆவணியில் மொய் விருந்துகள் நடப்பதை வாசகர் அறிவர். ஒரு குடும்பம் பெரும்பாலும் ஐந்தாண்டுக்கு ஒரு முறை விருந்து வைக்கும். வந்தவர்கள் உண்டு மொய் எழுதுவர். அத்தொகை கிணறு வெட்டவும், கடை வைக்கவும், மகளின் திருமணத்துக்கும் கைகொடுக்கும். வட்டியில்லை, பத்திரமில்லை, நோட்டு ஒன்றே சாட்சி. தவணைக் கடனை எழுதிக்கொள்ளுமாறு பணிக்கும் அல்பகரா 282-ஆம் வசனமே திருக்குர்ஆனில் மிக நீண்டது என்பதை இங்கு நினைவுகூர்வது தகும்.

பெயர் மொய்யாயினும், திருப்பித் தந்தே தீரவேண்டும் என்னும் வழக்கம் இருப்பதால் இது அன்பளிப்பன்று, கடன். ஆயிரம் வாங்கியவர் ஆயிரத்து ஐந்நூறாக எழுதினால், ஆயிரத்தோடு பழைய கடன் தீர்ந்தது. ஐந்நூறு அவர் கொடுக்கும் புதுக் கடன். நோட்டில் 'பழையது', 'புதியது' எனப் பிரித்தெழுதுவோர் நெறியறிந்தவர்கள். ஆனால் கூட்டித் தந்தால்தான் ஆயிற்று என்று முன்கூட்டியே நிபந்தனை விதித்தால், அங்கே ரிபாவின் வாடை வீசத் தொடங்கிவிடும்.

வட்டியில்லாததால் செலவே இல்லை என எண்ணுவோர் இக்கணக்கைப் பார்க்கட்டும். ஒருவருக்கு மொய் 5 லட்சம் சேர்ந்தது. கறியும் பந்தலும் அழைப்பிதழுமாக 1 லட்சம் போயிற்று. கையில் நின்றது 4 லட்சம். ஆண்டு முடிவுதோறும் 1 லட்சமாகத் திருப்புகிறார் எனக் கொள்வோம். முதலாண்டு 4 லட்சமும், அடுத்து 3, பின்பு 2, நான்காம் ஆண்டு 1 லட்சமும் அவர் கையில் புழங்கும். ஐந்தாம் ஆண்டு கையில் ஒன்றுமில்லை, கடைசி லட்சம் மட்டும் பாக்கி. கூட்டினால், 10 லட்சத்தை ஓராண்டு புழங்கியதற்குச் சமம். அதற்காகும் செலவு 1 லட்சம்: ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து! இது கடன் கொடுத்தவரைச் சேராமல் சமையற்காரரையும் கறிக்கடையையும் சேர்வதால் வட்டியன்று. எனினும் வாங்கியவர் தொழிலில் அதற்கு மேல் ஈட்டாவிடில் நட்டமே.

விருந்துச் செலவை 2 லட்சமாக்கிப் பாருங்கள். கையில் புழங்குவது 3, 2, 1 என 6 லட்சந்தான். செலவோ நூற்றுக்கு முப்பத்துமூன்றைத் தாண்டுகிறது. கந்துவட்டிக்கு அஞ்சி மொய்யை நாடியவர், ஊர் மெச்ச ஆடு அறுத்து, அந்தச் சுமையைத் தாமே தலையில் ஏற்றிக்கொள்கிறார். வீண்விரயம் பற்றிப் பிள்ளைகளுக்கு மட்டும் உபதேசிக்கிறோம்!

கொடுத்து வைத்த மொய்க்கு ஜகாத்தும் உண்டு. ஹனபி மத்ஹபின்படி, கடனாளி மறுக்காத கடன் கைக்கு வந்தபின் கடந்த ஆண்டுகளுக்கும் கணக்கிட்டுத் தரவேண்டும். 2 லட்சத்துக்கு ஆண்டொன்றுக்கு 5,000 ரூபாய்.

இளைஞரின் நோட்டைக் கூட்டினோம். அத்தா வாங்கித் திருப்பாதது 3,40,000. கொடுத்து வராதது 2,10,000. ஒன்றில் ஒன்றைக் கழித்து 1,30,000 மட்டுமே கடன் என்றார் அவர். கூடாது என்றேன். வாங்கிய இடம் வேறு, கொடுத்த இடம் வேறு. அடக்கச் செலவு போக, 3,40,000-ஐ முழுதாக ஒதுக்கிய பின்னரே வஸிய்யத்தும் வாரிசுப் பங்கும். வரவேண்டிய 2,10,000 வரவர, அதையும் பங்குப்படி பிரிக்கவேண்டும்.

சற்று நேரம் பேசாதிருந்தவர், எழுதுகோலைக் கேட்டு வாங்கி, வரும் ஆவணியில் விருந்து வைக்கவிருப்பவர்களின் பெயர்களை முதலில் எழுதத் தொடங்கினார்.