பசுமையை மட்டும் நம்பலாமா?

கோலாலம்பூர், ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் 7.5.2024 அன்று சாய்ந்த பெருமரம் ஓர் உயிரைப் பறித்தது. 17 வாகனங்களைச் சேதப்படுத்தியது. எங்கு மரம் விழுந்தாலும், “நேற்றுவரை பச்சைப்பசேலென்று நின்றதே!” என்று வியக்கிறோம். வனவியல் மாணவன் என்ற முறையில் அந்த வியப்புக்கு விடை கூற விழைகிறேன்.

மரத்தின் உயிர் பட்டையை ஒட்டிய பகுதியில்தான் இருக்கிறது. நீரை மேலேற்றும் வெளிறும் அங்கேதான். நாம் போற்றும் வைரமோ, நடுவிலுள்ள உயிரற்ற கட்டை. (இடைநிலைப்பள்ளியில் இவற்றை மலாயில் படித்த எனக்கு, இச்சொற்கள் தமிழிலேயே இருப்பது பின்னர்தான் தெரிந்தது!) காயத்தின் வழி நுழையும் பூஞ்சை வைரத்தைத் தின்றாலும் இலைகளுக்கு நீர் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே, பசுமை உறுதிக்குச் சான்றாகாது.

பிறகு எதைப் பார்ப்பது? முதலில் அடிமரத்தை. அங்கே விசிறி போன்ற கடினக் காளான், பொந்து, வெடிப்பு உண்டா? சாய்ந்த மரமாயின் பின்புறம் மண் எழும்பியுள்ளதா? மரச்சுத்தியலால் தட்டினால் வெற்றொலி கேட்கிறதா? ஐயம் எழுந்தால் ஒலியலைக் கருவியால் உள்ளே அளப்பார்கள். எஞ்சிய நல்ல கட்டையின் தடிப்பு, ஆரத்தில் மூன்றிலொரு பங்குக்கும் குறைந்தால் ஆபத்து மிகுதி என்பது பொதுவான கணக்கு. மரத்தடியில் யார் நடமாடுகிறார்கள் என்பதும் முக்கியம். நடுக்காட்டில் நிற்கலாம், பள்ளி வாசலில் நிற்கலாகாது.

வெட்டுவதிலும் கவனம் தேவை. நல்ல மரத்தில், விழவேண்டிய பக்கம் ஆப்பு வடிவில் வெட்டிப் பின்புறம் அறுப்பர். இடையில் விடப்படும் கட்டை, கதவின் கீல்போல் மரத்தை வழிநடத்தும். உளுத்த மரத்தில் அக்கீல் நொறுங்கிவிடும்; மரம் எப்பக்கமும் விழலாம். அதில் ஏறுவதும் ஆபத்து. எனவே பாரந்தூக்கியின் துணையுடன் உச்சியிலிருந்து துண்டுதுண்டாக அறுத்து இறக்குவர்.

தீபகற்ப மாநிலங்களில், 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை ஊராட்சி மன்ற அனுமதியின்றி வெட்டலாகாது. பட்ட மரத்துக்கும் உடனடி ஆபத்தைத் தடுப்பதற்கும் விலக்கு உண்டு.

நான் பயின்ற தமிழ்ப்பள்ளித் திடலோரத்திலும் ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. நம் தோட்டக் கோயில்கள் பலவும் மரத்தடியில் எழுந்தவையே. “சாமி மரம், தொடாதே” என்பர் பெரியோர். சோதிப்பது வெட்டுவதாகாது, பொந்துள்ள மரங்களுள் பல, கிளைப்பாரம் குறைத்தாலே நீடித்து நிற்கும். நண்பர்களே, அடுத்த முறை பழைய பள்ளிக்கோ கோயிலுக்கோ சென்றால் மரத்தை அண்ணாந்து பார்ப்பதோடு நில்லாமல், குனிந்து அதன் அடியையும் பாருங்கள். அந்நிழலில் நம் தம்பி தங்கையர் நிற்கிறார்கள் அல்லவா!