ஓய்வு நாள் (உடற்பயிற்சி)

ஓய்வு நாள் என்பது தசைகள் மீள்வதற்காகக் கடும் உடற்பயிற்சியைத் தவிர்க்கும் நாளாகும். எடைப் பயிற்சியின்போது தசை இழைகளில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. அவை சீராகித் தசை வலுப்பெறுவது, பயிற்சிக்குப் பிந்தைய ஓய்விலும் உறக்கத்திலுமே ஆகும். பழக்கமில்லாத பயிற்சியால் வரும் தசைவலி 24 முதல் 72 மணி நேரத்திற்குள் உச்சமடையும். எனவே ஒரே தசைத்தொகுதிக்கு அடுத்தடுத்த நாள்களில் கடும் பயிற்சி அளிப்பது பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது.

மிதமான நடைப்பயிற்சியை நாள்தோறும் செய்யலாம். வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பையும், குறைந்தது 2 நாள் தசை வலுவூட்டும் பயிற்சியையும் பெரியவர்களுக்கு உலக சுகாதார அமைப்பு 2020இல் பரிந்துரைத்தது.

நீங்காத களைப்பு, உறக்கக் குறைவு, திறன் குறைதல் ஆகியவை மிகைப்பயிற்சியின் அறிகுறிகள். கடும் தசைவலியுடன் சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் வெளியேறினால், அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய தசைச்சிதைவாக இருக்கலாம். உடனே மருத்துவரை அணுக வேண்டும்.